ஆத்தா விழுங்கும் மாத்திரை உள்ளே போய் என்ன ஆகிறது?

பள்ளத்தூரிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவருடைய ஆத்தாவுக்கு 61 வயது. பெருங்குடலில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தாயிற்று. இப்போது கேபசிட்டபின் 500 மில்லிகிராம் மாத்திரை காலையில் மூன்று, இரவில் மூன்று. 14 நாள் போட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் போடச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஐயாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். அவருடைய மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போட வேண்டுமாம். "ஏன் இப்படி நேர்மாறாக இருக்கிறது? கட்டியையே எடுத்துவிட்ட பிறகு மாத்திரை எங்கே போய் வேலை செய்கிறது? மலேசியாவிலிருந்து அண்ணன் மஞ்சள், மிளகு சேர்ந்த கேப்சூல் அனுப்பியிருக்கிறான், அதையும் சேர்த்துக் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்க வேண்டாம். மருத்துவரிடம் காட்டும் வரை அந்த டப்பா அலமாரியிலேயே இருக்கட்டும். ஏன் என்பது பின்னால் வரும்.

நான் மருத்துவர் இல்லை. மருந்தியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவரின் வேலை. மாத்திரை உள்ளே போய் என்ன பாடுபடுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆத்தா விழுங்கும் கேபசிட்டபின், விழுங்கும் அந்த வடிவத்தில் எந்தப் புற்றணுவையும் கொல்லாது. அது மூலப்பொருள்தான். அதை மருந்தாக ஆக்குவது ஆத்தாவின் உடம்பு. ஈரலில் பாதி வேலை நடக்கிறது, புற்றணு இருக்கும் இடத்தில் மீதி நடக்கிறது. கடைசியில் வெளிவரும் உண்மையான மருந்தின் பெயர் 5-ஃப்ளூரோயூராசில்.

அது பழைய மருந்து. 1957-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் சார்லஸ் ஹைடல்பெர்கரும் அவருடன் இருந்தவர்களும் அதை அறிவித்தார்கள். யூராசில் நம் உடம்பிலேயே இருக்கும் ஒரு பொருள். செல்கள் மரபுப் பொருளைக் கட்டுவதற்கு அது பயன்படுகிறது. புற்றணுக்கள் யூராசிலைக் கூடுதலாக இழுத்துக்கொள்கின்றன என்று அப்போது கண்டிருந்தார்கள். சரி, அந்த யூராசிலில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவை எடுத்துவிட்டு ஃப்ளூரின் அணுவை வைத்தால் என்ன ஆகும்? செல் அதை யூராசில் என்றே நினைத்து உள்ளே எடுத்துக்கொள்கிறது. எடுத்த பிறகு தைமிடைலேட் சிந்தேஸ் என்ற நொதி அதோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றுவிடுகிறது. டி.என்.ஏ.வுக்கு வேண்டிய தைமின் தயாராவதில்லை. பிளந்து பெருக நினைக்கும் செல் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. வேகமாகப் பெருகும் செல்லுக்குத்தான் அடி அதிகம். அதனால்தான் புற்றணுவோடு சேர்த்து வாயின் உட்தோலும் குடலின் உட்தோலும் அடி வாங்குகின்றன. அவையும் ஓயாமல் புதுப்பித்துக்கொள்ளும் இடங்கள்.

இவ்வளவு நல்ல மருந்தை நேராக வாயால் கொடுக்க வேண்டியதுதானே? கொடுத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை தெரியும். தெரிகிறதே என்று யாரும் நேராக உள்ளே நடந்துவிட முடியாது. முகப்பில் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். குடலில் உறிஞ்சப்படும் எதுவும் அப்படித்தான், நேராக உடம்பெங்கும் போவதில்லை. குடல் சுவரைத் தாண்டி, போர்ட்டல் சிரை வழியாக முதலில் ஈரலுக்குப் போக வேண்டும். ஈரல் பார்த்துக் கழித்தது போக மிச்சம்தான் இதயத்துக்கும், அங்கிருந்து மற்ற இடங்களுக்கும் போகும். 5-ஃப்ளூரோயூராசிலைச் சிதைக்கும் நொதி குடல் சுவரிலும் இருக்கிறது, ஈரலில் ஏராளமாகவும் இருக்கிறது. அந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு மருந்து நிறைய ரத்தத்தில் சேர்ந்தது, இன்னொருவருக்கு ஏறக்குறைய ஒன்றுமே சேரவில்லை. புற்றுநோய் மருந்தில் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கல் எறிய முடியாது. ஆகவே பல பத்தாண்டுகளாக அதை நரம்பு வழியாகத்தான் ஏற்றினார்கள். இன்றைக்கும் சிலருக்கு இடுப்பில் ஒரு சின்னப் பம்பைக் கட்டி இரண்டு நாள் விடாமல் ஏற்றுகிறார்கள். வார்டில் "பம்பு போட்டிருக்காங்க" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள், அந்தப் பம்புக்குள் இருப்பது இந்த மருந்துதான்.

ஜப்பானில் காமகுரா என்ற ஊரில் நிப்பான் ரோஷ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே இருந்தவர்கள் வேறு வழி தேடினார்கள். மருந்துக்கு ஓர் உறை போட்டு அனுப்புவோம், உறையைப் பிரிக்கும் நொதி புற்றணுவில் அதிகமாக இருந்தால் அங்கே போய்ப் பிரியட்டும் என்பது யோசனை. முதலில் டாக்ஸிஃப்ளூரிடின் என்று ஒன்றைச் செய்தார்கள். தைமிடின் பாஸ்பாரிலேஸ் என்ற நொதிதான் அந்த உறையைப் பிரிக்கும்; பல கட்டிகளில் அது பக்கத்துச் சதையைவிட அதிகமாக இருக்கும். கணக்கு சரிதான். ஆனால் அதே நொதி குடல் சுவரிலும் கொஞ்சம் இருந்தது. மாத்திரை குடலைத் தாண்டும்போதே பிரிந்துவிட, நோயாளிகளுக்குப் பேதி. கட்டிக்குப் போக வேண்டிய சரக்கு வாசலிலேயே கொட்டிப்போனது.

மேலே இன்னும் உறை போட்டார்கள். அதுதான் கேபசிட்டபின். குடல் அதைப் பிரிப்பதில்லை; முழு மூலக்கூறாகவே குடல் சுவரைத் தாண்டி ஈரலுக்குப் போகிறது. ஈரலில் கார்பாக்ஸிலெஸ்டரேஸ் என்ற நொதி முதல் உறையைக் கழற்றுகிறது. பிறகு சிட்டிடின் டீஅமினேஸ் என்பது அடுத்ததைக் கழற்றுகிறது. இது ஈரலிலும் இருக்கிறது, கட்டிகளிலும் இருக்கிறது. இந்த இரண்டும் முடிந்தால் மிஞ்சுவது எது தெரியுமா? அந்தப் பழைய டாக்ஸிஃப்ளூரிடின்தான். இப்போது அது குடலுக்குள் இல்லாமல், குடலைக் கடந்து ரத்தத்தில் இருக்கிறது. அது சுற்றி வந்து, தைமிடின் பாஸ்பாரிலேஸ் அதிகம் உள்ள இடத்தில் கடைசி உறை பிரிய, 5-ஃப்ளூரோயூராசில் வெளியே வருகிறது. பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சைக்கு முன் இந்த மாத்திரையைக் கொடுத்து, பிறகு எடுத்த சதையை அளந்து பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த நல்ல சதையைவிடக் கட்டிக்குள் இந்த மருந்து மூன்று மடங்குக்குச் சற்று மேலே இருந்தது. தோற்ற ஒரு மருந்தையே தூக்கி எறியாமல் அதற்குச் சட்டை மாட்டி அனுப்பியிருக்கிறார்களே என்று, இதை வகுப்பில் நடத்தும்போது எனக்கே ஒவ்வொரு வருடமும் சந்தோஷமாக இருக்கும்.

உங்கள் ஆத்தாவுக்குக் கட்டியை எடுத்தாயிற்று. ஆனால் கண்ணுக்கோ ஸ்கேனுக்கோ தெரியாத அளவில் ஈரலிலோ நிணநீர் முடிச்சிலோ சில அணுக்கள் தங்கியிருக்கலாம். மருந்து ரத்தத்தோடு எல்லா இடத்துக்கும் போவதால், எங்கே இருக்கின்றன என்று தெரியாமலேயே அவற்றைத் தேடிப் போய்த் தாக்க முடிகிறது. மாத்திரை குடல் வழியாகப் போகிறது என்பதற்கும் நோய் குடலில் வந்தது என்பதற்கும் சம்பந்தம் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கும் இதே மாத்திரைதான். 1998-ல் அமெரிக்காவில் முதல் அனுமதி அதற்காகத்தான் கிடைத்தது.

இதெல்லாம் எவ்வளவு நேரத்தில் நடக்கிறது? சாப்பிட்டுவிட்டுப் போட்டால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கேபசிட்டபின் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகிறது, இரண்டு மணி நேரத்தில் 5-ஃப்ளூரோயூராசில் உச்சத்துக்கு வருகிறது. அதன்பின் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறைகிறது. இவ்வளவு சீக்கிரம் வந்து போவதால்தான் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. இரண்டு வேளைக்கும் நடுவே சுமார் 12 மணி நேரம் இருக்கட்டும்.

வந்த மருந்து போக வேண்டுமே, அந்தக் கதைதான் முக்கியம். உண்டான 5-ஃப்ளூரோயூராசிலில் 80 சதவீதத்துக்கு மேல் ஈரலில் உள்ள டி.பி.டி. என்ற நொதியால் சிதைக்கப்படுகிறது. சிதைந்தது படிப்படியாக மாறி ஒரு சின்ன மூலக்கூறாகிச் சிறுநீரில் போகிறது. விழுங்கிய மாத்திரையின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் 95 சதவீதத்துக்கு மேல் ஏதாவது ஒரு வடிவில் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. மாறாமல் கேபசிட்டபினாகவே போவது 3 சதவீதம்தான். ஆகவே சிறுநீரகம் மந்தமாக இருப்பவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள், ரொம்ப மோசமாக இருந்தால் இந்த மாத்திரையே கொடுக்க மாட்டார்கள். ஆத்தாவுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்திருப்பார்களே, அது சடங்குக்காக இல்லை.

டி.பி.டி. நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. மிகச் சிலருக்கு அறவே இல்லை. அவர்களுக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கும் அளவே பல மடங்கு விஷமாகிவிடும், ஏனென்றால் உள்ளே வந்தது வெளியே போக வழியில்லை. ஐரோப்பாவில் 2020-லிருந்து இந்த மருந்தைத் தொடங்கும் முன்பே அதைப் பரிசோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மருத்துவரிடம் இந்தப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. பரிசோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும் முதல் சுற்றின் முதல் இரண்டு வாரம் கண் கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும். பேதி வழக்கத்தைவிட நாளைக்கு 4 தடவையோ அதற்கு மேலோ கூடினால், இரவில் எழுந்து போக வேண்டி வந்தால், வாய் புண்ணாகிச் சோறு இறங்கவில்லை என்றால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். "ஒரு சுற்றை முடித்துவிட்டுப் போய்க்கொள்ளலாம்" என்று நம் பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். அங்கேதான் ஆபத்து.

இந்த நொதியை வெளியிலிருந்து முடக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு துயரமான சாட்சி இருக்கிறது. 1993-ல் ஜப்பானில் அக்கிக்கு ஒரு புது மாத்திரை வந்தது, பெயர் சொரிவுடின். நம் பக்கம் அக்கி வந்தால் வேளார் வீட்டில் போய்க் காவியால் எழுதிக்கொண்டு வருவார்களே, அதே அக்கிதான். புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்து அக்கி வருவது சகஜம். அப்படி ஏற்கெனவே 5-ஃப்ளூரோயூராசில் வகை மருந்தை வாயால் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சொரிவுடினையும் எடுத்தார்கள். கொஞ்ச நாளுக்குள் 15 பேர் இறந்துபோனார்கள். பின்னால் துருவிப் பார்த்தபோது தெரிந்தது: குடலில் வாழும் பாக்டீரியாக்கள் சொரிவுடினை வேறு ஒரு பொருளாக மாற்றுகின்றன, அந்தப் பொருள் டி.பி.டி. நொதியோடு ஒட்டிக்கொண்டு அதை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. அக்கி மருந்து தன்னளவில் விஷமில்லை, புற்றுநோய் மருந்தும் உரிய அளவில்தான் இருந்தது. இரண்டும் சந்தித்த இடம்தான் விஷம். ஆகவே ஆத்தாவுக்கு அக்கியோ சளியோ வேறு எதுவோ வந்து வேறு மருத்துவரிடம் போனால், முதல் வார்த்தையாகக் கேபசிட்டபின் எடுக்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். நீங்கள் நினைப்பது, சாப்பிட்டபின் போட்டால் மருந்து நன்றாக உடம்பில் பிடிக்கும் என்றுதானே? இல்லை. கேபசிட்டபினில் அது தலைகீழ். சாப்பிட்டபின் போட்டால் ரத்தத்தில் அதன் உச்ச அளவு 60 சதவீதம் குறைகிறது, மொத்தமாகச் சேரும் அளவு 35 சதவீதம் குறைகிறது. குறைகிறது என்று தெரிந்தேதான் சாப்பிட்டபின் போடச் சொல்கிறார்கள். காரணம் எளிது. இந்த மருந்தை மனிதர்களிடம் சோதித்த பெரிய ஆய்வுகள் எல்லாவற்றிலும் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் கொடுத்தார்கள். இன்றைக்கு மருத்துவர் எழுதும் அளவு அந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அதே அளவை வெறும் வயிற்றில் போட்டால், எழுதியதைவிட அதிகம் கொடுத்த கணக்கு ஆகிவிடும். பேதியும் வாய்ப்புண்ணும் கூடும். அளவும் சாப்பாடும் சேர்ந்துதான் ஒரு சீட்டு. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது.

சாப்பாடு என்றால் விருந்து வேண்டியதில்லை. இரண்டு இடியாப்பமோ மூன்று இட்லியோ போதும். ஒரு தம்ளர் காபியும் இரண்டு தேன்குழலும் சாப்பாடு ஆகாது. மாத்திரையைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும், உடைக்கவோ இடிக்கவோ கூடாது. மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அவர் தொடவே வேண்டாம்.

பக்கத்து வீட்டு ஐயாவுக்கு வெறும் வயிறு என்றால் அது அநேகமாக அபிரட்டெரோனாக இருக்கும். அது வேறு ஜாதி. தண்ணீரில் கரையவே கரையாது, கொழுப்பில் கரையும். வெறும் வயிற்றில் போட்டால் கொஞ்சம்தான் உறிஞ்சப்படும், மீதி மலத்தோடு போய்விடும். நெய்யும் எண்ணெயுமாகச் சாப்பிட்டுவிட்டுப் போட்டாலோ கொழுப்பைக் கரைக்கப் பித்தநீர் சுரக்கிறது, அந்தக் கலவையில் மாத்திரையும் கரைந்து, ரத்தத்தில் சேரும் அளவு 10 மடங்கு வரை ஏறுகிறது. இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ இல்லை, பத்து. இன்றைக்குப் பழைய சோறு, நாளைக்குக் கல்யாண வீட்டில் பால் பணியாரமும் நெய் ஒழுகும் பலகாரமும் என்று சாப்பிடும் ஊரில் இந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்தால், ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் அளவு கொடுத்த மாதிரி ஆகும். அதனால் பாதுகாப்பாக வெறும் வயிறு: போடுவதற்கு 2 மணி நேரம் முன்பிருந்து போட்டபின் 1 மணி நேரம் வரை எதுவும் சாப்பிடக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கொடுத்து அதில் பெரும்பகுதியை வீணாக்குவானேன் என்று சிகாகோவில் இருக்கும் மருத்துவர்களுக்குத் தோன்றியது. 72 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு வெறும் வயிற்றில் 1000, இன்னொரு பாதிக்குக் கொழுப்புக் குறைந்த காலை உணவோடு 250 மட்டும் கொடுத்தார்கள். 2018-ல் வந்த முடிவு: புராஸ்டேட் நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற பொருள் ரத்தத்தில் குறைந்த விதத்தில் 250 எந்த வகையிலும் தோற்கவில்லை. மாதாமாதம் மாத்திரைக்குக் காசு எண்ணும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இந்தியாவிலும் சில மருத்துவர்கள் இப்படி எழுதுகிறார்கள். ஐயா இதைக் கேள்விப்பட்டுத் தானாகவே மாற்றிக்கொள்ளக் கூடாது. மருத்துவரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

உறிஞ்சப்படும் அளவு என்ற இந்த ஒரே விஷயம் நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது. அதன் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் காப்புரிமை கேட்டது. பழைய வடிவத்தைவிட இது 30 சதவீதம் கூடுதலாக உடம்பில் சேருகிறது என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. சென்னையில் உள்ள காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது. வழக்கு ஏறி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. உடம்பில் கூடுதலாகச் சேருவது மட்டும் போதாது, நோயைக் குணப்படுத்தும் திறன் கூடியது என்று காட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. மருந்தியல் வாத்தியாராக என் கட்சி நீதிமன்றத்தின் கட்சிதான். ரத்தத்தில் ஏறியது எவ்வளவு என்பது ஒரு கணக்கு, ஆள் பிழைத்தாரா என்பது வேறு கணக்கு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த மலேசியா கேப்சூலுக்கு வாருங்கள்.

மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வுக்கூடத் தட்டில் புற்றணுக்களைக் கொல்லும். இதில் பொய்யில்லை. ஆனால் தட்டுக்குக் குடலும் இல்லை, ஈரலும் இல்லை. வாயால் விழுங்கும் குர்குமின் கொஞ்சம்தான் உறிஞ்சப்படும். அந்தக் கொஞ்சத்தையும் குடல் சுவரும் ஈரலும் சர்க்கரை போன்ற ஒன்றை ஒட்டி அடையாளம் மாற்றி வெளியே தள்ளிவிடும். நம் கணக்கப்பிள்ளை மஞ்சளிடம் ரொம்பக் கறார். 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை செய்தார்கள். 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அதோடு 20 மில்லிகிராம் மிளகுச் சத்தைச் சேர்த்துக் கொடுத்தால், சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. இன்றைக்கு மஞ்சளும் மிளகும் சேர்த்து விற்கும் எல்லா டப்பாவுக்கும் ஆதாரம் இந்தச் சோதனைதான்.

மிளகு அதை எப்படிச் செய்தது என்று யாரும் டப்பாவில் எழுதுவதில்லை. மிளகில் உள்ள பைப்பரின் குடலிலும் ஈரலிலும் உள்ள சிதைக்கும் நொதிகளை அடக்குகிறது. கணக்கப்பிள்ளையைக் கொஞ்ச நேரம் தூங்க வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தூங்கினால் மஞ்சள் மட்டுமா உள்ளே போகும்? அந்த நேரத்தில் வரும் எல்லாச் சரக்கும் கணக்கில்லாமல் போகும். சில சமயம் எதிர்த்திசையிலும் இது அடிக்கும். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமாக்ஸிஃபென் கூட மூலப்பொருள்தான். ஈரல் அதை எண்டாக்ஸிஃபெனாக மாற்றினால்தான் முழு வேலை நடக்கும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் டமாக்ஸிஃபென் எடுக்கும் 16 பெண்களுக்குக் குர்குமின், மிளகுச் சத்தைச் சேர்த்துக் கொடுத்து 2019-ல் வெளியிட்டார்கள். எண்டாக்ஸிஃபென் 12 சதவீதம் குறைந்திருந்தது. நல்லது என்று நினைத்துக் கொடுத்தது நல்ல மருந்தைக் குறைத்துவிட்டது.

கேபசிட்டபின் பிரியும் வழி வேறு, டமாக்ஸிஃபென் வழி வேறு. ஆகவே ஆத்தாவுக்கும் இதேதான் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பேதியா, புண்ணா என்று அளந்து அளந்து கொடுக்கும் மருந்தோடு, நொதிகளை ஆட்டிவைக்கும் ஒரு சரக்கைச் சும்மா சேர்க்காதீர்கள் என்கிறேன். சமையலில் போடும் மஞ்சளும் மிளகுக் குழம்பும் இந்தக் கணக்கில் வராது. மஞ்சள்தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவுதான். நாம் சமையலில் போடும் ஒரு சிட்டிகை எங்கே, கேப்சூலில் அடைத்த சத்து எங்கே. மிளகு ரசம் வாய்க்கு இதமாக இருந்தால் கொடுங்கள். வாய் புண்ணாக இருக்கும் நாளில் அதுவே எரியும், அன்றைக்கு இளங்குழம்பும் குழைந்த சோறும் போதும்.

கேப்சூலைவிட எனக்குப் பயம் வேறு ஒன்றில்தான், வீட்டில் சாதாரணமாகக் கிடக்கும் சத்து மாத்திரையில். ஃபோலிக் அமிலம் கலந்த மாத்திரை கேபசிட்டபினின் கடுமையைக் கூட்டிவிடும். 5-ஃப்ளூரோயூராசில் அந்தத் தைமின் நொதியோடு ஒட்டிக்கொள்ளும்போது மூன்றாவதாக ஒரு ஃபோலேட் வந்து பிடித்துக்கொண்டால் பூட்டு இறுகிவிடுகிறது. புற்றணுவில் மட்டும் இறுகினால் நல்லது, குடலிலும் இறுகும். "சோர்வாக இருக்கிறாரே" என்று கடையில் கேட்டு வாங்கும் பலசத்து மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஃபோலிக் அமிலம் இருக்கும். கீரையில் இருப்பதைப் பற்றிப் பயப்படாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் போடுகிறவர், யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால் போடுகிறவர் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டின் அளவைக் கேபசிட்டபின் ஏற்றிவிடும். மூன்றாவது கேபசிட்டபினின் வேலையைக் குறைத்துவிடலாம்.

உள்ளே நடப்பது வெளியே தெரியும் இடம் உள்ளங்கையும் உள்ளங்காலும். சிவந்து, எரிந்து, தோல் உரியும். விரல் ரேகைகூட மழுங்கிப் போகும். 2008-ல் சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கா போன ஒரு கேபசிட்டபின் நோயாளியை, ரேகை விழவில்லை என்று விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சிக்கு ரேஷன் கடையில் நடந்தது அதேதான். மெஷினில் எத்தனை முறை விரலை வைத்தாலும் ரேகை பதியவில்லை. "கையைத் துடைச்சிட்டு வைங்கம்மா" என்று பையன் ஐந்து தடவை சொன்னானாம். கருவிழிப் பதிவு இருந்தால் அதைக் கேளுங்கள், அல்லது அட்டையில் பெயருள்ள வேறு யாராவது போங்கள். கைக்கு மருதாணி வைக்கலாமா என்று நீங்கள் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்: துருக்கியில் ஒரு சில நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்துக் குறைந்தது என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைவிட உறுதியான ஆதாரம் டெல்லி எய்ம்ஸில் கிடைத்தது. முட்டிவலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லை 264 பேரை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். மருந்துள்ள ஜெல் தடவியவர்களில் கைகால் தொல்லை கொஞ்சம் கடுமையாக வந்தது 3.8 சதவீதம் பேருக்கு, மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம் பேருக்கு. 2024-ல் வெளியானது. மருத்துவரிடம் இதையும் கேட்டுப் பாருங்கள். வெந்நீரில் பாத்திரம் கழுவுவதும் வெறுங்காலோடு வெயிலில் வளவில் நடப்பதும் இந்த மாதங்களில் வேண்டாம்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அதை விட்டுவிடுங்கள். அடுத்த வேளை வழக்கமான மூன்று. ஆறாகச் சேர்த்துப் போடக் கூடாது. போட்டபின் வாந்தி எடுத்தாலும் திரும்பப் போட வேண்டாம். எவ்வளவு உள்ளே போயிற்று என்று நமக்குத் தெரியாது. நடுவில் வரும் 7 நாள் ஓய்வை நாள்காட்டியில் இப்போதே கட்டம் போட்டு வையுங்கள்.

அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் ஆத்தா எடுக்கும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, வலி மாத்திரை, சத்து மாத்திரை எதுவும் விடாமல். அந்த மலேசியா டப்பாவையும் போடுங்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் மிளகுச் சத்து எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும், அவர் படித்துப் பார்க்கட்டும்.